காஸ்பேஸ்-3 கலந்தும் செல் சாகவில்லையே, நொதி கெட்டுப்போனதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். காஸ்பேஸ்-3 என்பது செல் தன்னைத்தானே கொன்றுகொள்ளும்போது உள்ளே இருக்கும் புரதங்களை வெட்டும் நொதி. பாக்டீரியாவில் தயாரித்துச் சுத்திகரித்த அதன் மனித வடிவத்தை ஒரு கம்பெனியிடம் வாங்கியிருக்கிறீர்கள். ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்கள் வளரும் தட்டில், 10 மில்லி வளர்ப்புத் திரவத்தில் 1 மைக்ரோகிராம் கலந்தீர்கள். 48 மணி நேரம் ஆகியும் செல்கள் தட்டில் ஒட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கின்றன. சந்தேகம் வந்து, புரதங்களை எடைப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், 32 கிலோடால்டன் எடையில் இருக்க வேண்டிய பட்டையைக் காணோம். கீழே 17-லும் 12-லும் இரண்டு பட்டைகள். நொதி சிதைந்த நிலையில் வந்ததா, பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி: அடுத்து மூலிகைச் சாறு இந்த நொதியைத் தூண்டுகிறதா என்று பார்க்கத் திட்டம்.

பணத்தை இப்போதைக்குக் கேட்காதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டில் எதுவும் நொதி கெட்டதற்கு அடையாளம் இல்லை. இரண்டாவது, அந்தப் பட்டை விஷயம், நொதி சரியாக வெட்டுப்பட்ட வடிவத்தில் வந்திருப்பதற்கான அடையாளம். அப்படியானால் உண்மையான கேள்வி வேறு: இந்தக் குழாயில் இருப்பதை வைத்து எதைச் சோதிக்கலாம், எதைச் சோதிக்க முடியாது? புரதம் சுத்திகரிக்கும் வேலையிலேயே பல வருடங்களை ஓட்டியவன் நான், அதில் பெரும்பகுதி காஸ்பேஸ்களோடு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஜெல். மனித காஸ்பேஸ்-3 பிறக்கும்போது 277 அமினோ அமிலம் கொண்ட ஒரே சங்கிலி, சுமார் 32 கிலோடால்டன். அது வேலை செய்யாத முன்னுரு. 175-வது இடத்தில் உள்ள அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பின்னால் ஒரு வெட்டு விழ வேண்டும். பிறகு 28-வது இடத்துக்குப் பின்னால் வெட்டு விழுந்து முன்பகுதி கழன்றுபோக வேண்டும். மிஞ்சுவது 17-ஐ ஒட்டிய பெரிய துண்டும் 12-ஐ ஒட்டிய சிறிய துண்டும். கரைசலில் இரண்டு பெரியதும் இரண்டு சிறியதும் சேர்ந்து நான்காக நிற்கும். அதுதான் வேலை செய்யும் நொதி. எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள் கலந்த ஜெல் இந்தக் கூட்டைப் பிரித்துவிடுவதால் தனித்தனிப் பட்டையாகத் தெரிகிறது. 17-க்குச் சற்று மேலே 19-ல் மங்கலாக ஒரு பட்டை இருந்தாலும் பதற வேண்டாம், முன்பகுதி இன்னும் கழலாத பெரிய துண்டு அது. சுத்திகரிப்பதற்காக ஒட்டிவைக்கும் ஹிஸ் டேக் என்ற சிறு துண்டு சங்கிலியின் கடைசி முனையில் இருந்தால், ஹிஸ் ஆன்டிபாடி போடும்போது சிறிய துண்டு மட்டும்தான் தெரியும். பாதிப் புரதம் காணாமல் போய்விட்டது என்று அதைப் பார்த்துப் பயந்த மாணவர்கள் உண்டு.

பாக்டீரியாவுக்குள் இந்த வெட்டைப் போட்டது யார் என்று கேட்பீர்கள். நொதியேதான். மனித செல்லில் காஸ்பேஸ்-3-ஐ எழுப்ப மேலே ஒரு அதிகாரி வேண்டும்: காஸ்பேஸ்-9, காஸ்பேஸ்-8, அல்லது கொல்லும் டி செல்கள் செலுத்தும் கிரான்சைம் பி. ஈ. கோலை பாக்டீரியாவில் இவற்றில் ஒன்றும் கிடையாது. ஆனால் நாம் ஐபிடிஜி என்ற தூண்டும் பொருளைப் போட்டு அளவுக்கு மீறித் தயாரிக்க வைக்கிறோம். அந்த நெரிசலில், முன்னுருவிடம் இருக்கும் துளியளவு வெட்டும் திறனே போதும், பக்கத்தில் இருப்பதை வெட்டி எழுப்பிவிட. எழுந்தது இன்னும் நாலைந்தை எழுப்பும். தூண்டிய பிறகு சில மணி நேரம் விட்டால் வெட்டுப்பட்ட, வேலை செய்யும் நொதி கிடைக்கும். அரை மணி நேரத்தில் அறுவடை செய்தால் பெரும்பாலும் வெட்டுப்படாத முன்னுரு கிடைக்கும். கம்பெனிகள் இரண்டையும் விற்கின்றன, பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்களிடம் இருப்பது வேலை செய்யும் வடிவம். மூலிகைத் திட்டத்துக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, செல் ஏன் சாகவில்லை? அரிவாள்மனையைத் திண்ணையில் வைத்துவிட்டு, அடுக்களையில் காய் ஏன் நறுக்கப்படவில்லை என்று கேட்பது போன்றது இது. காஸ்பேஸ்-3 வெட்ட வேண்டிய புரதங்கள் எல்லாம் செல்லுக்குள்ளே இருக்கின்றன. உயிருள்ள செல்லின் சவ்வைத் தாண்டி இவ்வளவு பெரிய புரதம் தானாக உள்ளே போகாது. அதற்கு மேல் இன்னொரு சிக்கல். இந்த நொதியின் வெட்டும் இடத்தில், 163-ம் இடத்தில், ஒரு சிஸ்டீன் இருக்கிறது. அதன் கந்தகம் ஒடுக்கப்பட்ட நிலையில் இருந்தால்தான் வெட்டும். செல்லுக்குள் குளுட்டாதயோன் என்ற ஒடுக்கும் பொருள் மில்லிமோலார் அளவில் இருந்து அதைப் பார்த்துக்கொள்கிறது. வளர்ப்புத் திரவத்தில் அப்படிப்பட்ட பாதுகாப்பு கிடையாது. இன்குபேட்டர் சூட்டில் இரண்டு நாள் கிடந்தால் அந்த சிஸ்டீன் ஆக்சிஜனேற்றம் அடைந்து நொதி படுத்துவிடும். அளவையும் பாருங்கள். பெரிய துண்டும் சிறிய துண்டும் சேர்த்து சுமார் 29 கிலோடால்டன் என்று வைத்தால், 10 மில்லியில் 1 மைக்ரோகிராம் என்பது கிட்டத்தட்ட 3.4 நானோமோலார். ஹீலா செல்லுக்குள் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும் காஸ்பேஸ்-3-ன் முன்னுரு அதைவிடப் பல மடங்கு. அந்த செல்களைக் கொல்ல வெளியிலிருந்து காஸ்பேஸ் கொண்டுவரத் தேவையே இல்லை. 1 மைக்ரோமோலார் ஸ்டாரோஸ்போரின் என்ற செல்கொல்லிப் பொருளைப் போட்டு நாலைந்து மணி நேரம் காத்திருங்கள், உள்ளே இருப்பது எழுந்து வேலையை முடித்துவிடும்.

உள்ளே அனுப்பியே ஆக வேண்டும் என்றால் நுண்ணூசியால் செலுத்துவது, சவ்வில் ஓட்டை போடுவது என்று வழிகள் உண்டு. மரபணுவாக அனுப்பினாலும் சாதாரண முன்னுரு அவ்வளவாகக் கொல்லாது, அதை எழுப்ப ஆள் வேண்டுமே. அதனால்தான் 1998-ல் அல்னெம்ரி குழுவினர் சிறிய துண்டை முன்னாலும் பெரிய துண்டைப் பின்னாலும் வைத்துத் தலைகீழ் காஸ்பேஸ்-3 ஒன்றைச் செய்தார்கள். அதற்கு அதிகாரி தேவையில்லை, உருவாகும்போதே வேலைக்கு வந்துவிடும்.

இந்தக் குடும்பத்தின் பெயர்க்கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சி. எலிகன்ஸ் என்ற மண்புழு அல்லாத ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழுவில், வளர்ச்சியின்போது உருவாகும் 1090 உடற்செல்களில் சரியாக 131 செத்துப்போகும். எந்த இருபால் புழுவை எடுத்தாலும் அதே 131. அந்தச் சாவுக்குத் தேவையான செட்-3 என்ற மரபணுவை ஹார்விட்ஸ் ஆய்வகத்தில் ஜுன்யிங் யுவான் பிரித்தெடுத்து 1993-ல் வெளியிட்டபோது, அது மனிதர்களில் அழற்சியோடு தொடர்புடைய ஒரு புரத வெட்டியைப் போலவே இருந்தது. உடனே எல்லோரும் மனிதனில் அதன் உறவினர்களைத் தேட ஆரம்பித்தார்கள். ஒரே நொதிக்கு ஒரு லேப் சிபிபி32 என்றது, இன்னொன்று அப்போபெயின் என்றது, மூன்றாவது லேப் யமா என்றே பெயர் வைத்தது. நம் எமன்தான். 1996-ல் எல்லோரும் உட்கார்ந்து பேசி, சிஸ்டீனால் வெட்டுவது, அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பின் வெட்டுவது என்ற இரண்டையும் சேர்த்து காஸ்பேஸ் என்று பொதுப்பெயர் வைத்தார்கள். எமனுக்கு மூன்றாம் எண் கிடைத்தது. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இந்தப் பெயர்கள் வந்தால் குழம்பாதீர்கள்.

இப்போது உங்கள் குழாயில் இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வழி. ஜெல் இதற்கு உதவாது. செத்த நொதியும் அதே 17, 12 பட்டைகளைத்தான் தரும். வெட்ட வைத்துத்தான் பார்க்க வேண்டும். டிஇவிடி என்ற நாலு அமினோ அமிலத் துண்டின் வாலில் ஏஎம்சி என்ற ஒளிரும் மூலக்கூறை ஒட்டி விற்கிறார்கள். நொதி வெட்டினால் ஏஎம்சி விடுபட்டு, 380 நானோமீட்டர் ஒளி அடித்தால் 460 பக்கம் நீலமாக ஒளிரும். 96 குழித் தட்டில் ஒரு குழிக்கு 100 மைக்ரோலிட்டர்: பிஎச் 7.2-ல் பைப்ஸ் அல்லது ஹெப்பெஸ் பஃபர், 100 மில்லிமோலார் உப்பு, 10 சதவீதம் சர்க்கரை, 0.1 சதவீதம் சாப்ஸ், 1 மில்லிமோலார் இடிடிஏ, 10 மில்லிமோலார் டிடிடி. சப்ஸ்ட்ரேட், அதாவது வெட்டுப்பட வேண்டிய அந்த டிஇவிடி-ஏஎம்சி, 50 மைக்ரோமோலார், நொதி 1 நானோமோலார். 37 டிகிரியில் அரை மணி நேரம், நிமிடத்துக்கு ஒரு தடவை அளவிடுங்கள். ஒளி நேர்கோட்டில் ஏற வேண்டும். பக்கத்தில் நொதியே இல்லாத குழி ஒன்று. அதற்குப் பக்கத்தில், நொதியோடு 1 மைக்ரோமோலார் ஏசி-டிஇவிடி-சிஎச்ஓ என்ற தடுப்பானைக் கால் மணி நேரம் முன்பே சேர்த்துவைத்த குழி ஒன்று. இந்த மூன்றாவது குழியைத்தான் பலர் செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல், ஒளி ஏறியது காஸ்பேஸால்தான் என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் கிடையாது.

பஃபரில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. சாப்ஸ், நானோமோலார் அளவு நொதி பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு காணாமல் போவதைக் குறைக்கிறது. இடிடிஏ, துத்தநாகத்தைப் பிடித்துவைக்கிறது. இந்த நொதியைப் படுக்கவைக்க மைக்ரோமோலார் அளவுத் துத்தநாகமே போதும். டிடிடி, சிஸ்டீனைக் காக்கிறது. ஆனால் டிடிடியே நீண்ட ஆயுள் கொண்டதல்ல. 20 டிகிரியில், பிஎச் 7.5-ல் பத்து மணி நேரத்தில் பாதி போய்விடும், பிஎச் 8.5 என்றால் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. அந்த 20 டிகிரியும் நம் ஊர் லேப் மேசையில் கிடைக்காது. நானே ஒரு முறை, டிடிடி சேர்த்த பஃபரை வெள்ளிக்கிழமை கலக்கி வைத்துவிட்டுத் திங்கட்கிழமை எடுத்துப் பயன்படுத்தி, நொதியின் வேகம் பத்தில் ஒன்றாகக் குறைந்ததைக் கண்டு, அனுப்பியவர்களுக்குக் காரசாரமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவர்கள் பொறுமையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: டிடிடியை எப்போது சேர்த்தீர்கள்? புதிதாகச் சேர்த்துப் பார்த்தபோது எல்லாம் பழையபடி ஓடியது. மன்னிப்புக் கேட்டு இன்னொரு மின்னஞ்சல் எழுத வேண்டியதாயிற்று. டிடிடியை மைனஸ் 20-ல் சிறு சிறு குழாய்களாக வைத்துக்கொண்டு, சோதனை அன்று காலையில் சேருங்கள்.

அப்புறம் யூனிட் கணக்கு. குழாயின் மேல் 100 யூனிட் என்று போட்டிருந்தால் அது உலகப் பொது அளவு இல்லை. 37 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் 1 நானோமோல் சப்ஸ்ட்ரேட்டை வெட்டினால் 1 யூனிட் என்று ஒரு கம்பெனி சொல்லும். 30 டிகிரியில் நிமிடத்துக்கு 1 பிகோமோல் என்று இன்னொன்று சொல்லும். வெப்பநிலையை விட்டுவிட்டாலும் இரண்டுக்கும் சுமார் 17 மடங்கு வித்தியாசம். வேறொருவரின் கட்டுரையிலிருந்து 5 யூனிட் என்று எடுத்துப் போடும் முன்பு யாருடைய யூனிட் என்று பாருங்கள். முடிந்தால் நானோமோலாரில் பேசுங்கள். அந்த நானோமோலாரிலும் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதை, இசட்-வாட்-எஃப்எம்கே போன்ற திரும்பாமல் ஒட்டும் தடுப்பானைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த அளவில் வேலை முழுதாக நிற்கிறது என்று பார்த்துத்தான் கணக்கிட முடியும். எத்தனை மைக்ரோகிராம் புரதம் என்பது வேறு, எத்தனை வெட்டும் கத்தி என்பது வேறு.

நொதி உயிரோடு இருந்தால், இதன் நல்ல பயன் ஹீலா செல்லை உடைத்து எடுத்த சாற்றில்தான். இடிடிஏவும் டிடிடியும் உள்ள பஃபரில் சாற்றை எடுத்து நொதியைச் சேர்த்து, ஆன்டிபாடியால் புரதத்தை அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டில், காஸ்பேஸ்-3 வெட்டும் பார்ப்-1 என்ற புரதத்தைப் பாருங்கள். 116-ல் இருக்கும் பட்டை குறைந்து 89-ல் புதுப்பட்டை வரும். டிஇவிடி என்ற எழுத்து வரிசையே பார்ப்-1-ல் அந்த வெட்டு விழும் இடத்திலிருந்து வந்ததுதான். இதைவிடச் சுத்தமாகச் செய்ய எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய்ச் செல்களை எடுக்கலாம். அவற்றின் காஸ்பேஸ்-3 மரபணுவில் 47 எழுத்துகள் விடுபட்டிருப்பதால் அந்தப் புரதமே கிடையாது. சொந்த நொதி இல்லாத சாற்றில் நீங்கள் ஊற்றியது மட்டும்தான் காஸ்பேஸ்-3. எனக்குப் பிடித்த சோதனை இது. முடிவைப் பார்த்துச் சந்தேகப்பட இடம் குறைவு.

ஆனால் எல்லை எங்கே என்றும் சொல்ல வேண்டும். ஒரு புதிய புரதத்தை எடுத்து, 1 மைக்ரோமோலார் காஸ்பேஸ்-3 சேர்த்து, இரவு முழுவதும் 37 டிகிரியில் விட்டால், அஸ்பார்டிக் அமிலம் வாகாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் வெட்டுப்படும். செல்லுக்குள் இந்த நொதியின் மொத்த இருப்பே சுமார் 100 நானோமோலார் என்ற அளவுதான், அதுவும் முழுதாக எழுந்தால். அதனால் குழாயில் வெட்டுகிறது என்றால் வெட்ட முடியும் என்று மட்டும் அர்த்தம். செல்லில் வெட்டுகிறதா என்பது தனிக் கேள்வி. வெட்டுப்படும் அஸ்பார்டிக் அமிலத்தை மாற்றிவிட்டு, சாகும் செல்லில் அந்தத் துண்டு வராமல் போகிறதா என்று பார்த்தவர்கள் சொன்னால் நம்புவேன்.

மூலிகைத் திட்டத்துக்கு வருகிறேன். ஏற்கெனவே வெட்டுப்பட்டு முழு வேகத்தில் ஓடும் நொதியைத் தூண்டுவது என்றால் என்ன? உங்கள் குழாயில் இருப்பதை வைத்து, ஒரு சாறு அதைத் தடுக்கிறதா என்று கேட்கலாம். எழுப்புகிறதா என்று கேட்க முடியாது. அதற்கு முன்னுரு வேண்டும். முன்னுருவை வைத்துக் கேட்டவர்கள் எப்படிப்பட்ட குழிகளில் விழுந்தார்கள் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். 2006-ல் ஹெர்கன்ரோதர் குழு பிஏசி-1 என்ற மூலக்கூறு முன்னுருவை எழுப்புகிறது என்று சொன்னது. 2009-ல் அதே குழு காரணத்தைக் கண்டுபிடித்தது: அது துத்தநாகத்தைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது, அதனால் அடங்கிக் கிடந்த முன்னுரு விடுபடுகிறது. பஃபரில் ஏற்கெனவே இடிடிஏ இருந்தால் அந்த விளைவு கண்ணிலேயே படாது. 2009-லேயே வெல்ஸ் குழு 1541 என்ற இன்னொரு மூலக்கூறை அறிவித்தது. 2011-ல் அவர்களே, அது தனி மூலக்கூறாக இல்லாமல் நுண்ணிய நார்களாகத் திரண்டு, அந்த நாரின் மேல் முன்னுருக்களை நெருக்கி உட்காரவைத்து எழுப்புகிறது என்று காட்டினார்கள். கை தேர்ந்தவர்களுக்கே இப்படி. நூறு பொருள் கலந்த சாற்றில் என்னவெல்லாம் நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தடுப்பு சோதனையிலும் சாறு ஏமாற்றும். மஞ்சளில் உள்ள குர்குமின் 425 நானோமீட்டரை ஒட்டி ஒளியை விழுங்கும். நீங்கள் மஞ்சள் நிறம் தரும் பிஎன்ஏ சப்ஸ்ட்ரேட்டை 405-ல் அளந்தால் சாற்றின் நிறமும் அதில் சேர்ந்துவிடும். ஏஎம்சியை அளந்தால் வரும் ஒளியைச் சாறு குடித்துவிட்டு, நொதி நின்றுவிட்டது போலக் காட்டும். பாலிஃபீனால்கள் சில திரண்டு உருண்டையாகி நொதியை ஒட்டுமொத்தமாகப் பிடித்துவைக்கும்; வேறு சில டிடிடியோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி அந்த சிஸ்டீனைக் கெடுக்கும். எனவே ஏஎம்சியை மட்டும் தனியாகச் சாற்றோடு சேர்த்து ஒரு குழி, திரண்ட உருண்டையைக் கலைக்க 0.01 சதவீதம் டிரைட்டான் என்ற சோப்புப் பொருள் சேர்த்து ஒரு குழி, பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்து ஒரு குழி வையுங்கள். இவற்றைத் தாண்டியும் தடுப்பு நிலைத்தால் மேலே பேசலாம். பெரும்பாலும் நிலைக்காது.

இதுவரை சொன்னதில் நொதியின் அமைப்பு, வெட்டும் இடங்கள், பஃபர் எல்லாம் உறுதியான விஷயங்கள். தளர்ச்சியாகப் பிடிக்க வேண்டியவையும் உண்டு. டிஇவிடி காஸ்பேஸ்-3-க்கு மட்டும் உரியது என்று கிட் பெட்டியில் எழுதியிருக்கும்; காஸ்பேஸ்-7 அதை நன்றாகவே வெட்டும், மற்றவையும் கொஞ்சம் வெட்டும். சுத்தமான நொதியில் இது பிரச்சினை இல்லை, செல் சாற்றில் பிரச்சினை. அடுத்தது, காஸ்பேஸ்-3 எழுந்தால் செல் செத்தது என்ற முடிவு. தசைச் செல் முதிர்ச்சியிலும் நரம்புச் செல்லிலும் சாவு இல்லாமலே இது வேலை செய்வதாகக் காட்டியிருக்கிறார்கள். செத்தாலும் அது அப்பாப்டோசிஸ், அதாவது செல் ஒழுங்காகத் தன்னை முடித்துக்கொள்ளும் சாவுதான் என்றும் சொல்ல முடியாது. 2017-ல், கேஸ்டெர்மின் ஈ என்ற புரதத்தைக் காஸ்பேஸ்-3 வெட்டினால் சவ்வில் துளை விழுந்து செல் ஊதி வெடிப்பதைக் கண்டார்கள். அந்தப் புரதம் நிறைய உள்ள செல்லில், நீங்கள் அளக்கும் அதே டிஇவிடி எண், வேறொரு வகைச் சாவைக் குறிக்கும். உங்கள் ஆய்வேட்டில் டிஇவிடி வெட்டும் திறன் உயர்ந்தது என்று எழுதுங்கள். அப்பாப்டோசிஸ் நடந்தது என்று எழுத அனெக்சின் நிறமேற்றம், பார்ப் துண்டு, டிஎன்ஏ ஏணி என்று இன்னும் ஒன்றிரண்டு சாட்சிகளைச் சேருங்கள்.

இங்கிருந்தபடி உங்கள் குழாய் நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடியாது, அந்த மூன்று குழிகள் சொல்லும். மைனஸ் 80-ல் இருக்கும் மீதி நொதியை ஒரே ஒரு முறை, ஐஸ் மேல் வைத்து உருக்கி, 2 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து உடனே திரும்ப உறைய வையுங்கள். ஒரு குழாயை எடுத்து அன்றே சோதனை செய்யுங்கள், மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். தடுப்பான் போட்ட குழி தட்டையாகவும் போடாத குழி நேர்கோட்டில் ஏறியும் வந்தால் கம்பெனிமேல் குற்றமில்லை. இரண்டும் தட்டையாக வந்தால், டிடிடியைப் புதிதாகச் சேர்த்து இன்னொரு தடவை. அப்போதும் அசையவில்லை என்றால் அந்தப் படத்தை இணைத்துப் பணத்தைக் கேளுங்கள், தருவார்கள்.